மாமாவின் பீரோவில் பாண்டா லேபிள்

டிச. 2, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. எஸ்டேட் ஆபீசுக்கு இந்த வாரம் முழுக்க லீவு சொல்லியாயிற்று.

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து இவர் போன். மாமா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாராம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். போன வாரம், "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வெச்சுப் பாத்துக்குங்க" என்று கையை விரித்த அதே டாக்டர்தான் சொன்னாராம். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அழுது முடித்து நிமிர்ந்தால் எதிரே நடு அறையில் ஈட்டிமர பீரோ. அதன் மேல், பிள்ளைகள் ஸ்கூல் நோட்டுக்கு ஒட்டுகிற லேபிள். மூலையில் ஒரு பாண்டா கரடி பல்லைக் காட்டுகிறது. 'நேம்' என்ற இடத்தில் மூத்தார் பேர். 'சப்ஜெக்ட்' என்ற இடத்தில் "பீரோ".

வீட்டில் பெரிய சாமான் எல்லாவற்றிலும் இதே கூத்து. டாக்டர் கையை விரித்த மறுநாள், நான் ஆஸ்பத்திரியில் மாமா பக்கத்தில் இருந்தபோது, பெற்ற பிள்ளைகள் மூன்று பேரும் இங்கே கூடிப் பிரித்துக்கொண்டார்கள். பின்னால் சண்டை வரக் கூடாதாம். மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், இங்கே பங்கு. லேபிள் நாத்தனார் மகளுடையது. நோட்டில் ஒட்டுகிற மாதிரியே வலது மேல் மூலை பார்த்து, நேராக, கோணாமல் ஒட்டியிருக்கிறாள். அதில் மட்டும் ஒழுங்கு.

முழுசாக எழுத மை வீண். இனி மூத்தார் = மூ. நாத்தனார் = நா.

பீரோ, எழுத்து மேசை – மூ.
கண்ணாடி அலமாரி – நா.
பிரம்பு நாற்காலிகள் – மூ.வுக்கும் நா.வுக்கும் சரிபாதி.
முக்காலி – இவர்.

ஆமாம், இவரும்தான். கேட்டால், "அண்ணன் சொல்லறாரு, நான் என்னத்தைச் சொல்லட்டும்?" பேசத் தெரிந்த முக்காலி.

மாமா இந்த மலையில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எஸ்டேட்டின் பழைய பங்களாவைக் காலி செய்தபோது ஒவ்வொன்றாக ஏலத்தில் எடுத்த சாமான்கள். மாசம் ஒரு தடவை அவரே துணி பிடித்துத் துடைப்பார். யாரையும் தொட விடமாட்டார். எந்தக் கீறல் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். செத்துப் பிழைத்து வருகிறவர் கண்ணில் இந்தக் கரடி பட்டால் அன்றைக்கே உள்ளுக்குள் ஒடிந்துபோவார். படக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று விடாமல் எடுத்தாக வேண்டும்.

டிச. 3, செவ்வாய்

நகத்தால் உரித்தேன். மேல்தாள் வருகிறது, அடித்தாள் வரவில்லை. பீரோவில் பாண்டாவுக்கு இப்போது பாதி முகம். நோட்டில் ஒட்டினால் மறுநாளே உதிர்கிற லேபிள், இங்கே உயிர் போனாலும் வரமாட்டேன் என்கிறது. ஒட்டியவர்கள் குணம்.

நா. போன். இவர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"ஏனம்மிணி, லேபிளைக் கிழிச்சுப்போடாதே. பதனமா எடுத்து வெய்யி. மறுக்கா ஒட்டிக்கலாம்."

"மறுக்கா எதுக்குங்க?"

"இல்ல... அப்பாவுக்கும் வயசாச்சில்ல."

பெற்ற மகள். ஓமலூரில் கோயில் கோயிலாக விளக்குப் போட்டாளாம் அப்பா பிழைக்க. அதையும் அவளே சொன்னாள்.

நெயில் பாலீஷ் அழிக்கிற மருந்தைத் தொட்டுத் துடை, பசை பறந்துவிடும் என்று யோசனை வேறு. நல்லவேளை, முதலில் முக்காலியில் பார்த்தேன். பசையும் போயிற்று, மரத்தின் பாலீஷும் வெளுத்துக் குழைந்தது. அவள் படித்தது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. முக்காலி மேல் பூத்துணி விரித்து ரேடியோவை வைத்துவிட்டேன்.

அரிசி தீர்ந்துவிட்டது. கேஸ் சொல்ல வேண்டும்.

டிச. 4, புதன்

தேங்காய் எண்ணெய்தான் வழி. ஆனால் இந்தக் குளிரில் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கிறது. அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கி, தாளின் மேல் தடவி ஊறவிட வேண்டும். ஊறியதும் பழைய ஏ.டி.எம். கார்டால் மெல்ல வழிக்க வேண்டும். கத்தி ஆகாது. மிச்சப் பிசுக்குக்கு யூகலிப்டஸ் தைலம், பஞ்சில் ஒரு சொட்டு, உடனே துடைத்துவிட வேண்டும். தலைவலிக்கு வாங்கி வைத்தது. தலைவலிக்குத்தான் பயன்படுகிறது.

மேசை முடிந்தது. அலமாரி முடிந்தது. கை எல்லாம் தைல வாசம். சோற்றிலும் அதே வாசம்.

மத்தியானம் வாசலில் பிக்கப் வண்டி. மூ. இறங்கினார். உதவிக்கு வந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எதுக்கம்மிணி இத்தனை கஸ்டம்? ஒட்டினதைச் சுரண்டறதுக்குப் பதிலா, பீரோவையும் மேசையையும் நானே எடுத்துட்டுப் போயிடறேன். அப்பா கேட்டா பாலீசு போடக் குடுத்திருக்குதுன்னு சொல்லிப்போடு."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. இப்பவே மாமாவுக்குப் போன் போட்டு, பெரியவரு வந்திருக்கறாருன்னு சொல்லீர்றனுங்க."

போனைக் கையில் எடுத்தேன். வண்டி காலியாகத் திரும்பிவிட்டது. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அதில் குறை வைக்கவில்லை.

டிச. 5, வியாழன்

மழைத் தூறல். பீரோ, நாற்காலிகள் எல்லாம் முடிந்தன. ஒரு துண்டுத் தாள் இல்லை. விரலால் தடவினால் ஒட்டவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன்.

திறந்திருக்கக் கூடாது. வெளிச்சத்தில் பார்த்தால், லேபிள் இருந்த இடமெல்லாம் எண்ணெய் குடித்துப் பளபளவென்று மின்னுகிறது. சுற்றிலும் மங்கல். எல்லாச் சாமானிலும் வலது மேல் மூலையில் ஒரே அளவில் ஒரு கட்டம். மிச்ச மரத்துக்கும் எண்ணெய் தடவிப் பார்த்தேன். இந்த ஈரத்தில் பிடிக்கவில்லை. கட்டம் கட்டமாகவே நிற்கிறது.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தார். காட்டினேன்.

"இந்த மூட்டத்துல அதை ஆரு பாக்கப் போறா, உடு."

இவர் பார்க்கமாட்டார். தட்டில் போட்டது என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது.

டிச. 6, வெள்ளி

மாமா வந்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி. பாதி ஆளாகிவிட்டார். சட்டைக்குள் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் வந்துவிட்டார்.

மூ., நா. இருவரும் அடிவாரத்தில் காத்திருந்து வண்டிக்குப் பின்னாலேயே வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ். பங்கு போட்ட அதே நாற்காலிகளில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நா. தனக்கு ஒதுக்கிய நாற்காலியிலேயே சரியாகப் போய் உட்கார்ந்தாள். பழக்கம் பண்ணிக்கொள்கிறாள் போலிருக்கிறது.

"அந்தச் சேர்வராயன் சாமிதானுங்கப்பா உங்களைத் திருப்பிக் குடுத்தாரு," என்றார் மூ.

மாமா கைத்தடியோடு எழுந்து பீரோவைத் தடவினார். மேசையைத் தடவினார்.

"தைல வாசம் அடிக்குது," என்றார்.

"நான் தொடச்சனுங்க மாமா."

"நொம்பச் சுத்தமா இருக்குது கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

டிச. 7, சனி

இத்தனை நாளைக்கு அப்புறம் நல்ல வெயில். இவர் மருந்து வாங்கப் போனார். மாமாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, பீரோவு, மேசை, நாக்காலி, எல்லாத்துலயும் ஒரே மூலையில சீட்டு ஒட்டினாப்பல மின்னுதே."

நான் டம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"மூணு பேரும் ஒத்துமையாத்தான் பிரிச்சாங்களா? சண்டை கிண்டை இல்லியே?"

"இல்லீங்க மாமா." பிரிக்கவேயில்லை என்று பொய் சொல்ல வரவில்லை.

தான் உட்கார்ந்திருந்த கட்டிலின் சட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார்.

"இதுல மட்டும் ஒண்ணுமில்லியே. இதை ஆரும் கேக்கலியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசி மூச்சு வீட்டில்தான் போக வேண்டும் என்று, அவரைக் கொண்டுவந்து கிடத்துவதற்காக பங்கு போட்ட அன்றைக்கு நடு அறையில் இழுத்துப் போட்டு வைத்திருந்த கட்டில் இது. பிணம் கிடக்கப் போகிற கட்டிலுக்கு யார் லேபிள் ஒட்டுவார்கள்.

"கேக்கலீங்க மாமா."

"செரி," என்றார். "அப்ப இது ஒண்ணு எம்படது."

காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.