டிரம்மில் நான் போட்ட ஓட்டை

கண்ணு,

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து பிளாஸ்டிக் கருகிய நாற்றம் போகவில்லை. உன் மேளத்தைச் சூடு காட்டும்போது வரும் வாசம் இப்படி இருக்காது. வைக்கோல் புகையும் தோலும் கலந்த வாசம் அது. உன் சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். இந்த நாற்றம் வேறு. தப்பு செய்தவள் நான்.

உன் மகள் டிரம்ஸ் வாங்கிவிட்டாள். பழசுதான், சின்ன செட்டு. திருக்கோவிலூரில் ஒரு டைலர், கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசித்தவர், முதுகுவலி என்று விற்றார். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். திருகாணிகளைத் திருகிப் பார்த்தாள். செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து விரிசல் தேடினாள். நீ தோல் வாங்கும்போது வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாயே, அதே பார்வை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நல்லா பாக்குதே பொண்ணு. யாரு கத்துக் குடுத்தது?" என்றார் டைலர்.

"எங்கப்பா" என்றாள்.

நீ எங்கே அவளை மேளத்தைத் தொடவிட்டாய்? "இது என்னோட போவட்டும்மா" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சாக்கில் கட்டி, கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "இன்னா ஆயா, சீர்வரிசையா? அண்டா பெருசா இருக்குதே" என்றார். உன் மகள் விடுவாளா? "ஆமாண்ணே, எல்லாம் வாங்கியாச்சு. மாப்ளதான் கெடைக்கல" என்றாள். பஸ்ஸே சிரித்தது. என்னால் முடியவில்லை. உள்ளே ஏதோ உயிருள்ளது கிடப்பதுபோல ஊர் வரும்வரை சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மேளம் என்றால் எனக்கு அந்தச் சாராயப் பாக்கெட்டுதான் ஞாபகம் வரும். சாவு வீட்டில் முதல் அடி விழுவதற்கு முன்னால் உங்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பார்கள். "குடிக்காம அந்த வாசல்ல நிக்க முடியாதும்மா" என்பாய். நீ திரும்பி வந்ததும் சோறு போடும் சாக்கில் உன் வாயை முகர்ந்து பார்ப்பேன். கடைசியாக வந்தது ஒரு மத்தியானம். வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி, "லைட்டப் போடும்மா, ஒண்ணும் தெர்ல" என்றாய். "பட்டப்பகல்ல லைட்டு கேக்குதா உனுக்கு? குடிச்சிட்டு வந்து வெளையாடுறியா?" என்று திட்டினேன். சுவிட்ச் பக்கம் போகவே இல்லை. சாராயத்தில் விஷம் இருந்தது, கண்ணைத்தான் முதலில் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீ போய்ச் சேர்ந்திருந்தாய்.

இப்போது உன் மகள் சென்னைக்குப் போகிறேன் என்கிறாள். அங்கே டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளி இருக்கிறதாம். வாசித்துப் பதிவு செய்து திங்கட்கிழமைக்குள் அனுப்பினால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். மைக் செட்டுக் கடையில் இரண்டு மைக் இரவல் வாங்கி வந்தாள். ஒன்றைத் தலைக்கு மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். இன்னொன்றைக் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்முக்கு முன்னால் வைத்தாள். ஷீட் கூரை எதிரொலிக்கிறது என்று போர்வை, என் புடவை எல்லாவற்றையும் சுவரில் தொங்கப் போட்டாள். ஆனாலும் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு முகம் சுண்டிப்போனாள்.

"குடத்துக்குள்ள பேசுற மாதிரி கொடகொடன்னு இருக்குது ஆயா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயர் வாங்கக் கடைக்குப் போனாள். ராத்திரியெல்லாம் மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கியிருந்தது. உன் மேளத்தோல் போல இதுவும் ஈரத்தில் தொய்ந்துபோயிருக்கும், சூடு காட்டினால் இறுகும் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கை உன் அப்பா காலத்திலிருந்து பழகிய கை. வீட்டுக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திப் பெரிய டிரம்மைச் சாய்த்து, நீ திருப்புவதுபோலவே திருப்பினேன். வெள்ளை முகம் சுருங்கியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எலுமிச்சம்பழ அளவு ஓட்டை.

வேண்டுமென்று செய்யவில்லை, கண்ணு. ஆனால் ஓட்டை விழுந்ததும் 'இனி இவள் போகமாட்டாள்' என்று உள்ளே ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். அவளிடம் சொல்லவில்லை.

வந்து பார்த்தாள். "இன்னா ஆயா பண்ண?"

"ஈரமா இருக்குதேன்னு சூடு காட்டினேன்டி."

தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பிளாஸ்டிக்க யாராச்சும் நெருப்புல காட்டுவாங்களா?" ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். "இது அடிக்கிற பக்கம் இல்ல ஆயா, முன்பக்கம். மைக்க உள்ள வுடணும்னா இங்கதான் ஓட்ட போடணும். கத்தி வைக்க பயந்துக்கினு வுட்டுட்டேன்."

கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிச் சரிசெய்தாள். உள்ளே ஒரு தலையணையைத் திணித்து மைக்கை நுழைத்தாள். ஒரு மிதி மிதித்தாள். கொடகொடப்பு இல்லை. அடி சுத்தமாக விழுந்தது. என் நிம்மதி போய்விட்டது.

ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்தி ஜன்னலில் கனத்த போர்வையைக் கட்டினாள். இருமக் கூடாது என்று என்னைச் சுவரோரம் நிறுத்தினாள், பதிவை ஓடவிட்டுப் போய் உட்கார்ந்தாள். உச்சி மத்தியானம், உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஆயா, லைட்டப் போடு. ஒண்ணும் தெர்ல."

எப்படிப் போனேன் என்று தெரியாது. சுவிட்சை அடித்துவிட்டு ஓடிப்போய் அவள் தாடையைப் பிடித்து வாயை முகர்ந்தேன். கையை நீட்டி, "எத்தினி விரலு? சொல்லுடி, எத்தினி?" என்றேன்.

அவள் என்னைத் தள்ளவில்லை. "மூணு" என்றாள் மெதுவாக. "காலைல தின்ன கருவாடுதான் ஆயா, வேற ஒண்ணும் இல்ல." என் முகத்தில் ஊதிக் காட்டினாள். நான் திரும்பிச் சுவரோரம் போய் நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வாசித்தாள்.

சாயங்காலமே அனுப்பிவிட்டாள். எனக்கும் போட்டுக் காட்டினாள். தொடக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம்தான் அடி வருகிறது.

"சுவிட்ச் சத்தம் ஆயா. நாம பேசினத வெட்டிட்டேன், இத மட்டும் வுட்டுட்டேன்."

இன்னும் பதில் வரவில்லை. வந்தால் போவாள். அங்கே எந்த வாசலில் நிற்பாளோ, எதைக் குடிக்கச் சொல்வார்களோ, அவள் வாயை யார் முகர்வார்களோ, எனக்குத் தெரியாது. என்னிடம் மிச்சமிருப்பது ஒன்றுதான். எந்த வெயிலில் யார் லைட்டைப் போடு என்றாலும், நான் இப்போது ஏன் என்று கேட்பதில்லை. எழுந்து போட்டுவிடுகிறேன்.