சூடு ஆறாத மூட்டை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. இதைக் கொண்டுவரும் உன் சிநேகிதனிடம் நீ இருக்கும் இடத்தை நான் கேட்கவில்லை. தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

உன் அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். நீ அவரைக் கம்பியால் அடித்துத் தள்ளியபோது நம் பட்டறையில் ரப்பர் கலக்கும் உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கயிற்றை இழுத்து மெஷினை நிறுத்துவதற்குள் நான்கு விரல்களையும் அது மென்றுவிட்டது. கறுப்பு ரப்பர் ஷீட்டில் ரத்தம் தெரியவில்லை. தொட்ட பிறகுதான் தெரிந்தது. உன்மேல் எனக்குக் கொலைவெறியே வந்தது, சொல்லிவிடுகிறேன்.

கால்மிதிகள் கொப்புளம் கொப்புளமாக வந்ததற்கு அவர் காரணம் இல்லையடா. கரித்தூளைப் பாதியாகக் குறைத்து உமித்தூள் சேர்க்கலாம் என்று நீ சொன்னபோது, "அடுப்புல போடுறத கால்மிதியில போடுறான்" என்று கிண்டல் செய்தார், உண்மைதான். அதனால் உமித்தூளில் தண்ணீர் ஊற்றிக் கெடுத்ததும் அவர்தான் என்று நீயே தீர்மானித்துவிட்டாய். மிச்சமிருந்த உமித்தூள் மூட்டையைப் போன வாரம் பிரித்தேன். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. வறுத்த தூளைச் சூடு ஆறுமுன் இறுக்கிக் கட்டியது யார்? முடிச்சு உன்னுடையது. ஈரத்தூள் அச்சுக்குள் வெந்தால் ஆவி கிளம்பிக் கொப்புளிக்காமல் என்ன செய்யும்?

அதே தூளை மறுபடி வறுத்து, பரப்பி ஆறவிட்டு, நானே ஒரு கால்மிதி போட்டேன். ஒரு துண்டு இதோடு வைத்திருக்கிறேன், தடவிப் பார். வழவழவென்று இருக்கிறது. உன் யோசனை பலித்துவிட்டது, பாவி.

இதைக் காட்டினால் அவர் மனம் இளகும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "அப்ப என்மேல தப்பே இல்ல" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஷீட் வெட்டும் கத்தியை இடது கையால் தீட்டிக்கொண்டிருக்கிறார். போலீசிடம் தன் கைதான் தவறி மெஷினில் சிக்கியதாகச் சொன்னவரும் அவர்தான். உன்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அவங்க புடிச்சிட்டா எனக்கு எப்படிக் கிடைப்பான்?" என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும், அழுதுகொண்டே வாசலில் வந்து நிற்பாய். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. அடித்தது நான்தான் என்று சொல். அவர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பார். நான் வந்து, கண்ணால் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், தம்பி. முதல் சில வருஷம் உள்ளே இரு.

இப்படிக்கு,
உனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகும்
அக்கா