பாப்பா சொன்ன வினைச்சொல்

கொரட்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா ராஜகுமாரி எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசும்போதெல்லாம் மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் எதிர்வீட்டு அனுசுயா மகள் பானுப்பிரியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது. பாப்பாவின் பள்ளிக்கூட வாசலில் உன்னைப் பார்த்து, உன் கையில்தான் தருவாள்.

மண்ணூர்பேட்டையில் நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். பேத்தி பேசுவது புரியாமல் தலையாட்டிக்கொண்டே எத்தனை நாள் இருப்பது? ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள்தான் நிறைய வருகிறார்கள். ஜெபா டீச்சர் பொறுமையானவர்.

போன வாரம் வினைச்சொல் பாடம். இஸ், ஆம், ஆர் எல்லாம் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று சொல்பவை. வேறு சில, இன்னொரு வினைக்குத் துணையாக வருபவை. செயலைச் சொல்வதிலும் இரண்டு வகை உண்டாம். பாப்பா தூங்குகிறாள் என்றால் அதோடு முடிந்தது. இன்னொரு வகைக்கு, யாரை, எதை என்று கேட்டால் பதில் வர வேண்டும். அந்த வகையில் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார்.

எனக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. ஆடி வெள்ளியன்று போனில் பாப்பா சொன்னாளே, அதுதான். "டாடி ஹிட்ஸ் மம்மி." படம் ஹிட் என்கிறார்களே, அதுபோல ஏதோ நல்ல சேதி என்று நினைத்து, "அப்படியா கண்ணு, சூப்பர்" என்று நான் சிரித்தேன். உடனே லைன் கட்டானது. நெட் சரியில்லை என்று நீ அப்புறம் சொன்னாய்.

அதையே எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் என்னை உட்காரவைத்து, யார் சொன்னது என்று கேட்டார். பேத்தி என்றேன். அப்புறம்தான் அர்த்தம் சொன்னார்.

எப்போதோ ஒருநாள் கோபத்தில் நடந்ததாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன். அப்படியென்றால் கடைசியில் 'ஸ்' வராதாம். அது வந்தால் வழக்கமாக நடக்கிறது என்று அர்த்தமாம். நாலு வயசுக் குழந்தைக்கு இலக்கணம் என்ன தெரியும் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். "அங்கயே வளர்ற கொழந்தைம்மா, அதுக்குத் தானா வரும்" என்றார். டீச்சர்தான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்.

கேமரா ரிப்பேர் என்று நீ முகம் காட்டாமல் பேசுவது எத்தனை மாதமாக அகல்யா?

நைனாவிடம் சொன்னேன். "கொயந்த இன்னாத்தையோ ஒளறுது, நீ ஊரக் கூட்டாத" என்று கத்திவிட்டு வெளியே போனார். மறுநாள் சவாரிக்கு வண்டி எடுக்கவில்லை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாராம், பார்த்தவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். "நா கை ஓங்காம வளத்த பொண்ணு. வரச் சொல்லு. எவன் இன்னா கேட்டாலும் நா பதில் சொல்லிக்கிறேன்" என்றார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

உன் பாஸ்போர்ட்டும் பாப்பா பாஸ்போர்ட்டும் உன் கையில் இருக்கின்றனவா? மாப்பிள்ளை எடுத்து வைத்திருந்தாலும் பயப்படாதே, பானுப்பிரியாவிடம் சொல். இப்படிப்பட்ட பெண்களுக்கு அங்கே உதவி செய்கிற இடங்கள் இருக்கின்றனவாம், விசாரித்து வைத்திருக்கிறாள். எந்த நேரமானாலும் அவள் ரூமுக்கு நீ பாப்பாவோடு போகலாம். போனில் என்னிடம் எதுவும் பேசாதே. நானும் சமையல், மழை என்று பேசிக்கொண்டிருப்பேன். எதுவானாலும் அவள் மூலமாகத் தெரிவி. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

பாப்பாவைத் திட்டியிருந்தால் இனிமேல் திட்டாதே. அவள் தன் ஆயாவான என்னிடம் சொன்னாள். ஆயாவுக்குத்தான் புரியவில்லை.

கல்யாணமான பெண்ணைத் தீர்க்க சுமங்கலியாக இரு என்று வாழ்த்துவார்கள். நானும் விளக்கேற்றும்போதெல்லாம் உனக்கு அதைத்தான் வேண்டுவேன். இன்றைக்கு அம்மன் முன்னால் நின்றபோது அது வாயில் வரவில்லை. என் பெண் உயிரோடு இருக்கட்டும் தாயே என்றுதான் வந்தது.

வந்துவிடு அகல்யா.

உன் அம்மா,
எ. ராஜகுமாரி