முயலகன் பிடித்த கால்

மச்சான்,

இன்று காலையில் என் மனைவி என் இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம்தான். இந்த வலிக்கு வயசும் காரணமில்லை, வயல் வேலையும் காரணமில்லை. நீதான் காரணம். நம் களமருதூர் மாசித் திருவிழாவில் பதினோரு வருஷம் டிராக்டர் டிரெய்லரில் நீ நடராசர் வேஷம் கட்டி என் முதுகில் ஏறி நின்றாய். நான் கீழே முயலகனாகக் குப்புறக் கிடந்தேன்.

வேஷம் பிரித்த விதத்திலேயே எனக்கு வயிற்றெரிச்சல். பத்தாவதில் கோட்டை விட்டவன் நீ, பாஸ் பண்ணியவன் நான். "சாமி மிதிக்கிறது ஆளை இல்லடா, அறியாமையை" என்று எனக்கே விளக்கம் சொல்வாய்.

"ஃபெயிலானவன் ஞானம், பாசானவன் அறியாமையா? இன்னா நியாயம்டா இது?"

"நீ குள்ளம். அவ்ளோதான்."

உடுக்கை படைக்கிறதுக்கு, தீ அழிக்கிறதுக்கு, தூக்கின கால் அருள்றதுக்கு என்று வண்டி புறப்படும்வரை ஓதுவாய். ஊன்றின காலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது வருஷத்துக்கு வருஷம் கனம் ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது.

ஆனால் உன்னை நிறுத்தி வைத்தது ஞானம் இல்லை, ஓர் இரும்புக் கம்பி. பின்னால் இருந்த திருவாசியோடு பற்றவைத்து, உன் இடுப்பைத் தாங்கும்படி செய்திருந்தார்கள். புலித்தோல் துணி அதை மறைத்துவிடும்.

அந்தக் கடைசி வருஷம் உன் மகளுக்குச் சம்பந்தம் பேசச் சின்னசேலத்திலிருந்து வந்திருந்தார்கள். மறுநாள் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா சகுனம் பார்க்கிறவர். பூனை குறுக்கே போனதற்காக ஏற்கெனவே ஓர் இடத்தை வேண்டாம் என்றவர். முகத்தில் பச்சை பூசிக்கொண்டே நீ சொன்னாய்: "சாமி விழுந்தா அவுரு வண்டி ஏறிடுவாரு மச்சான். எம் பொண்ணு ஆசப்பட்ட எடம்டா இது."

பள்ளிக்கூடத்து வேகத்தடையில் டிராக்டர் ஏறி இறங்கியது. உன் பின்னால் டக் என்று ஒரு சத்தம். பற்றவைத்த இடம் விட்டுப்போனது. சின்னசேலத்துக்காரர்கள் நின்றிருந்த தெருமுனைக்கு இன்னும் இருபது அடிதான். உன் கால் நடுங்குவது என் முதுகுக்குத்தானே தெரியும். அருள்கிற கால் மெல்லத் தரையைத் தேட ஆரம்பித்தது. நீ உதட்டை அசைக்காமல், "மச்சான், புட்சிக்கடா" என்றாய்.

கையிலிருந்த ரப்பர் பாம்பை வீசிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் வளைத்து உன் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்தேன். இடுப்பில் ஏதோ பிசகியது. விடவில்லை. பாம்பு போய் நாதஸ்வரக்காரர் காலடியில் விழ, அவர் வாசிப்பதை விட்டுவிட்டு ஓடினார். தெரு முடியும்வரை சாமி அசையாமல் நின்றது. அசுரன்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான்.

வண்டி நின்றதும் மாப்பிள்ளையின் அப்பா நேரே நம்மிடம் வந்தார். "எல்லாம் நல்லா இருந்திச்சிங்க. முயலகன் எதுக்குங்க சாமி காலைப் புட்சிக்கினு இருந்தாரு? எந்தக் கோயில்லயும் அப்டிப் பாத்ததில்லியே?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆணவம் அடங்கிடுச்சிங்க. மிதிச்ச காலையே சரணடைஞ்சிடுச்சி."

அந்த மனுஷர் கண் கலங்கிப்போய், உன்னை விட்டுவிட்டு என்னைக் கும்பிட்டார். மறுநாள் தட்டு மாறியது. உன் பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அடப்பாவி, நீ சொன்ன விளக்கங்களிலேயே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அதுவும் புளுகு.

போன ஐப்பசியில் உன்னைத் தூக்கும்போது கால் பக்கம் நான்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உயரம் பத்தாது என்றார்கள். துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டேன். உன் காலின் கனம் இந்த ஊரில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். தூக்கினார்கள். சர்க்கரை உன்னை அவ்வளவு உருக்கியிருந்தது. தோளில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது மச்சான். நடுத்தெருவில் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

பதினோரு வருஷம் உன் கனத்தைத் தாங்கினேன். அந்தக் கனமின்மையைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.