கரிசலில் என் கிழக்குத் துண்டு

புரட்டாசி 6, செவ்வாய்
கடும் வெயில். பட்டாளத்தை விட்டு வந்து ஐந்து மாதம். வரப்போரம் மண் வெடித்து, கைத்தடி முக்கால்வாசி உள்ளே போகிறது. நாளைக்கே சோளம் விதைக்க வேண்டும் என்கிறாள் ஞானம். மழைக்கு முன்பா? "மழ பெஞ்ச பொறவு கரிசலுக்குள்ள கால் வைக்க ஏலாது. புழுதியிலயே போட்டுரணும்." பதினாறு வருஷம் நான் இல்லாமல் புஞ்சையைப் பார்த்தவள். பெண்டாட்டியிடம் உத்தரவு வாங்குவது புதுசு.

புரட்டாசி 7, புதன்
நான் ஏர் பிடிக்க, பின்னால் அவள் விதை போட்டு வந்தாள். அடிக்கொரு தரம், "அமுக்கிப் பிடிங்க." மூன்று விரல் ஆழம் வேண்டுமாம். மேலாக இருந்தால் சின்னத் தூறலுக்கே முளைத்து, மழை தள்ளினால் கருகிவிடுமாம். வேறு விதைச் சோளம் வீட்டில் கிடையாது. இடுப்பு வலி.

புரட்டாசி 9, வெள்ளி
ஞானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள் (புளி, மண்ணெண்ணெய், கருப்பட்டி). பாக்கி இருந்த கிழக்குத் துண்டை நானே முடித்தேன். விதையைக் கையால் வீசி, காலையில் வெட்டிய முள்ளை மாட்டில் கட்டி இழுத்து மூடினேன். அரை நாள் வேலை! ஒரு விரல் ஆழம் தாராளம்.

புரட்டாசி 17, சனி
விடியக்காலை தூறல். பத்து நிமிஷம்.

புரட்டாசி 21, புதன்
கிழக்குத் துண்டு பச்சை! அவள் பக்கம் ஒன்றையும் காணோம். பக்கத்துப் புஞ்சை நாயக்கரைக் கூட்டிவந்து காட்டினேன். "இனி மழ வரணுமே, அவில்தாரே" என்றார். பொறாமை.

புரட்டாசி 27, செவ்வாய்
ராஜபாளையம் பக்கம் மலையில் மேகம். இங்கே சொட்டு இல்லை. என் பயிர் சுருண்டு போச்சு. நாயக்கர்: "அகல உழுததுக்கு ஆழ உழுதிருக்கலாம்." வெட்கமாக இருக்கிறது. எலிக்கும் பூச்சிக்கும் தப்பவைத்து அவள் காத்த விதை. திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி 4, செவ்வாய்
மழை! நேற்றும் இன்றும். பார்க்கப் போனேன். காலுக்கு ஒரு வீசை களி. இடது பூட்ஸ் புஞ்சையிலேயே நிற்கிறது. ஞானம் சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசி 9, ஞாயிறு
கோவில் முடிந்து நேரே புஞ்சை. அவள் சோளம் சால் சாலாக முளைத்திருக்கிறது. பார்க்கச் சந்தோஷம், என் துண்டு மொட்டை.

வீட்டில் ஒரு பை எடுத்து வைத்தாள். கொத்தமல்லி விதை. "ஈரம் சுண்டட்டும், கெழக்க இதப் போடுவோம். குடிச்ச தண்ணிய இந்த மண்ணு லேசுல விடாது. பொறவு பனியிலயே வெளஞ்சிரும்."

எப்போது வாங்கினாள்? "ஸ்ரீவில்லிபுத்தூர் போனேம்லா, அன்னைக்கு. நீங்க முள்ளு வெட்டுனதப் பாத்துட்டுத்தான் போனேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேட்டிருப்பியளா?"

கேட்டிருப்பேன் என்று சத்தம் போட்டேன். கேட்டிருக்க மாட்டேன்.