சுவருக்கு அந்தப் பக்கத்துக் கிணறு

எடமலைப்பட்டி புதூர்,
9-5-1962

சிரஞ்சீவி பெரியண்ணனுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்கும் சுகம் என்று இந்தத் தடவை எழுத முடியவில்லை. பிலாயில் வெயில் எப்படி, மருமகளுக்கு மசக்கை வாந்தி நின்றதா, காய்ச்சி ஆறின தண்ணீரைத் தவிர வேறு ஒரு வாய்கூட அவள் குடிக்க வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பது மேலே படித்தால் தெரியும்.

போன வருஷப் பொங்கலுக்கு வந்தபோது மருமகள் நம் வீட்டு எடுப்புக் கக்கூஸுக்குப் போகக் கூசி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமலே இருந்தாளே, அந்த வெட்கத்தில்தான் தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் கட்டினேன். சாக்கடைக் குழாய் டவுனோடு நிற்கிறது, நம் பக்கம் எப்போது வருமோ, அதனால் உறை இறக்கிய குழிதான். கிணற்றுக்கு ஐம்பது அடி தள்ளித் தோண்டுங்கள் என்றார் ஓவர்சியர். நான் சும்மா இருப்பேனா, மனையடி சாஸ்திரமும் பார்த்து, ஈசானிய மூலையிலுள்ள நம் கிணற்றுக்கு அறுபது அடி விட்டு, வாயு மூலையில் மேற்குச் சுவரை ஒட்டித் தோண்டினேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். மேற்கு வீட்டு ராசப்பனும் சாஸ்திரப்படிதானே தன் ஈசானிய மூலையில் கிணறு வெட்டியிருக்கிறார். அவருடைய ஈசானியமும் என்னுடைய வாயு மூலையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம், நடுவில் ஐந்தடிகூட இல்லை. அடி அளந்தபோது நம் கிணறு ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

மாசியில் அவர் மகள் சந்திரம்மாளுக்கு டைபாய்டு வந்துவிட்டது. நீ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த பிள்ளைதான், இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டியவள். பெரியாஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தாள், பரீட்சையும் போயிற்று, தலைமுடியும் கொட்டிப்போயிற்று. பார்க்கப் போன இடத்தில் நான் பெரிய மனுஷனாட்டம், ஸ்கூல் வாசலில் கண்டதை வாங்கித் தின்றிருக்கும் என்றேன். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. ராசப்பன் சம்சாரம் இருசம்மாள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். இனி ஸ்கூலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வையம்பட்டியில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பங்குனியில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து அவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார், கெட்ட தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று அவர் கேட்டதற்கு ராசப்பன், அண்ணன் எல்லாம் முறையாக் கேட்டுக் கட்டினவருங்க, அவருகிட்ட தப்பு இருக்காதுங்க என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லையப்பா.

அன்றிலிருந்து இருசம்மாள் நம் கிணற்றில்தான் எடுக்கிறாள். ஒவ்வொரு குடத்துக்கும், உங்க புண்ணியத்துல நல்ல தண்ணி குடிக்கிறோம்ணே என்கிறாள். உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசி எட்டு நாளாகிறது. அந்தப் புள்ள படிப்பைக் கெடுத்தது நீங்க, போயிச் சொல்ல வேண்டியதும் நீங்கதான் என்று கடைசியாகச் சொன்னாள். உன் கணக்கு நோட்டுகளைத் தேடி எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறாள், யாருக்கென்று நான் கேட்கவில்லை. நேற்று ஆள் வைத்துக் குழியை மூடினேன், இனி எந்த மூலையானாலும் இரண்டு கிணற்றையும் அளந்த பிறகுதான் மண்வெட்டி. சொல்லிவிடுவதென்று மூன்று தடவை ராசப்பன் வீட்டுக்குப் போனேன், மூன்று தடவையும் காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த வயசில் இவ்வளவு கோழையாக இருப்பேன் என்று நானே நினைக்கவில்லை.

அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற வழியில் நம் கடிதங்களைத் தபால் பெட்டியில் போடுவார் அல்லவா. இதையும் அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். ஒட்டாமல் கொடுத்து, படித்துவிட்டு ஒட்டிப் போடுங்கள் என்று சொல்லப்போகிறேன்.

நீயும் மருமகளும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் விஷயம் மறந்துவிடாதே. இது கைக்குக் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு கார்டு போடு. நீ படிக்கிறாய் என்றால் அவரும் படித்துவிட்டார்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னையா