கடைசித் தண்ணீரில் கற்பூரம்

ஜூன் 16, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தன. அதன் பிறகுதான் பல் துலக்கப் போனேன்.

தூங்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் தூங்கிய விதம் — இருவருமே மல்லாந்து, கால்கள் நேராக, கைகள் உடம்போடு ஒட்டி. அனீஸ் எட்டு வயதிலும் கட்டில் முழுக்கச் சுற்றி வருகிறவன். ஐந்து வயது சுஃபியா என் வயிற்றில் கால் போடாமல் தூங்கியதே இல்லை.

மதினி வந்து இன்றோடு எட்டு நாள்.

மைதீன் பீவி மதினி என் கணவர் மன்சூரின் மூத்த அக்கா. ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள், பிள்ளை இல்லை. பழைய மதுரையில் எங்கள் ஆட்களில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. விருந்துக்கு மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. முப்பது வருடமாக, இறந்துபோன பெண்களின் மய்யித்தைக் குளிப்பாட்டுகிறார். ஒரு வீட்டில் பெண் இறந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வேலைக்கார அம்மா தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார். மன்சூருக்குத் திருப்பூரில் வேலை, மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். நான் இன்னும் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் நூலகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். பள்ளி வேன் மூன்றே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிடுகிறது. நான் காளவாசலில் பஸ் மாறி, கே.கே. நகர் வந்து சேர ஆறரை. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஆள் வேண்டும்.

“அக்காவக் கூப்பிடவா?” என்று மன்சூர் கேட்டபோது சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். “அக்கா கையில இதுவரைக்கும் ஒரு ஆளு அழுததில்ல ஜஸீலா.”

ஜூன் 18, புதன்

கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. வீட்டுப்பாடம் முடித்து, நகம் வெட்டி, தலை வாரி, இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழ்வீட்டுச் சரண்யாதேவி படியில் மறித்தாள்: “என்னக்கா, புள்ளைகளை ஊருக்கு அனுப்பிட்டீங்களா? தலைக்கு மேல ஒரு பந்து விழுகிற சத்தம்கூடக் காணோம். எங்க வீட்டுக்காரரு பயந்துட்டாரு.”

இருக்கிறார்கள் என்றேன்.

ஜூன் 19

சுஃபியாவின் தலையில் கற்பூர வாசனை.

ஜூன் 21, சனி

இன்று நானே பார்த்தேன். குளியலறையில் சுஃபியா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. மதினி அதை விலக்காமலே அடியில் கையை விட்டுத் தேய்த்தார். முதலில் கைகள், வாய், மூக்கு, முகம். பிறகு வலது பக்கம் முழுவதும். பிறகு இடது. மறுபடியும் வலது, இடது. மூன்றாம் முறைக்கான தண்ணீரில் ஒரு வில்லைக் கற்பூரத்தை விரலால் நசுக்கிப் போட்டார். ஷாம்பு என்று சொன்னாலே தெருவைக் கூட்டுகிற பெண், கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, இது மய்யித்தைக் குளிப்பாட்டுற மாதிரில்ல இருக்கு.”

“எனக்கு வேற மாதிரி தெரியாதே தாயி” என்றார், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற குரலில். “சளி பிடிக்காது. பயப்படாத.”

மன்சூரிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். போனை வைத்த பிறகு கையில் ரோமம் நின்றிருந்தது.

ஜூன் 25, புதன்

வேலை விட்டு வந்தேன். கூடத்தில் அனீஸ் படுத்திருந்தான். என் வெள்ளைத் துப்பட்டா அவனைத் தலையோடு மூடியிருந்தது. தலைமாட்டில் ஒரு முடிச்சு, காலடியில் ஒரு முடிச்சு. சுஃபியா பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது முடிச்சு போடப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது?”

“சத்தம் போடாதீங்கம்மா. அண்ணன் பேச மாட்டான். இன்னைக்கு அவன் முறை.”

“நாளைக்கு?”

“நாளைக்கு நான்.”

பிய்த்து எறிந்தேன். அனீஸ் கண்ணைத் திறக்க ஒரு நொடி எடுத்தான். அந்த ஒரு நொடி — வேண்டாம், எழுதவில்லை.

மதினியிடம் கத்திவிட்டேன். இதையெல்லாமா புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பாங்க? அவருக்குக் கோபம் வரவில்லை. “நான் எங்க சொல்லிக் குடுத்தேன்? நெல்பேட்டையில ஒரு மவுத்து. இதுகள விட்டுட்டுப் போக முடியல. புதுசா வேலை பழகுற புள்ளை ஒருத்தி குளிப்பாட்டப் போனா. மய்யித்துத் துணிக்கு எப்புடி முடிச்சுப் போடணும்னு அவளுக்குப் போன்லயே சொன்னேன். இதுக ரெண்டும் கேட்டுக்கிட்டே இருந்திருக்குதுக.”

ஜூன் 29, ஞாயிறு

மன்சூர் வந்திருந்தார். “இம்புட்டு அடக்கமா புள்ளைக இருக்குன்னு ஊரே கண்ணு வைக்குது, நீ என்னடான்னா” என்றார். சாப்பிட்டுத் தூங்கினார். பிள்ளைகளும் தூங்கினார்கள்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது மதினி அனீஸின் அருகே குனிந்திருந்தார். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை சாணால் அளந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு சுஃபியாவை.

என் காலடிச் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தார்.

“வந்த அன்னைக்கு அளந்தேன். இப்ப ஒரு நூல் கூடியிருக்கு” என்றார். முகத்தில் ஆச்சரியம். “நான் அளந்த ஒருத்தரையும் ரெண்டாந்தடவ அளந்ததில்ல.”

அப்படிச் சொல்லிவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார். தலையிலிருந்து கால்வரை.

ஜூலை 3, வியாழன்

எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் மொக்கையன் அண்ணனிடம் மதினி கேட் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஆண்களிடம் அவர் நின்று பேசி நான் பார்த்ததில்லை. “அண்ணே, ஆசுபத்திரிக்குப் போங்க. போகாட்டி ஊருக்காவது போயிப் புள்ளைகளைப் பாத்துட்டு வாங்க.”

“நான் போயிட்டா கேட்டை யாரு பாக்குறது, நீங்களா? அப்புறம் திருடன் என்ன, விருந்தாளிகூட வர மாட்டான்த்தா” என்று சிரித்தார் அவர்.

ஜூலை 7, திங்கள்

மொக்கையன் அண்ணன் சனிக்கிழமை அலங்காநல்லூருக்குப் போயிருக்கிறார். நேற்று மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தவர் எழவில்லையாம். மகன்கள் பக்கத்தில் இருந்தார்களாம்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?” என்று மதினியைக் கேட்டேன்.

“கணுக்காலு வீங்கிக் கெடந்துச்சு. உதடு கருத்திருந்துச்சு. முடிஞ்சபெறகு ஒடம்பு எப்புடி இருக்கும்னு முப்பது வருஷமாப் பாக்குறேன். முடியப் போறது தெரியாதா?”

நியாயமான பதில்தான். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து அவர் கண் பிள்ளைகளின் மேல் எங்கே நிற்கிறது என்று பார்த்தபடியே இருக்கிறேன். சுஃபியாவின் நகத்தையா? அனீஸின் உதட்டையா?

ஜூலை 8

நூலகத்தில் மூன்று புத்தகத்தைத் தவறான அலமாரியில் வைத்தேன். மூன்று முறை வீட்டுக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் மதினி, “தூங்குதுக” என்றார்.

ஜூலை 9, புதன்

பக்கத்துத் தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்று கிடைத்துவிட்டது. ஏழு மணிவரை இருக்கலாம். திங்கள் முதல் சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மன்சூரும் சரி என்றார்.

மதினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அவருக்குச் சிரமம், அது இது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். சரி என்பார் என்று நினைத்தேன். எதையும் கேட்காதவர், எதையும் மறுக்காதவர்.

“இப்ப வேணாம்.”

“ஏன் மதினி?”

“கொஞ்ச நாள் இருக்கேன். நான் இங்கன இருக்கணும்.”

கேட்டேவிட்டேன். “புள்ளைகளுக்கு எதுவும்... ஏதாச்சும் தெரியுதா உங்களுக்கு?”

அவர் உரிப்பதை நிறுத்தினார். “அதுகளுக்கு ஒண்ணும் இல்ல. அல்லாஹ் நீண்ட ஆயுச எழுதியிருக்கான். கெட்டியான புள்ளைக.”

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. பாத்திரம் கழுவும்போதுதான் திரும்ப யோசித்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையென்றால் அவர் ஏன் இருக்க வேண்டும்?

ஜூலை 11, வெள்ளி

காய்ச்சல். அரை நாளில் அனுப்பிவிட்டார்கள். முதுகு, தோளெல்லாம் வலி. மதினி நல்லெண்ணெய் காய்ச்சி வந்து, குப்புறப் படு என்றார். மறுக்கத் தெம்பில்லை.

அந்தக் கையை முதல்முறையாக என் உடம்பில் உணர்ந்தேன். அவசரமே இல்லாத கை. என் கையைத் தூக்கினார். தூக்கியது தெரியவில்லை. என்னுடையது இல்லாத ஒரு பொருளை ஒருவர் எடுத்து வைப்பது போல. என் தலையைத் திருப்பினார், திரும்பியது. பிள்ளைகள் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. உடம்பு எழுந்துகொள்ள மறந்துவிடுகிறது.

வலது அக்குளுக்குக் கீழே, மார்பை ஒட்டி, கை நின்றது. அங்கேயே இருந்தது. பிறகு துண்டை மேலே இழுத்து மூடினார்.

“எம்புட்டு நாளாச்சு?”

என்ன என்று கேட்கலாம். கேட்கவில்லை. “ரெண்டு மாசம்.”

இரண்டு மாதம். இந்த நோட்டில்கூட ஒரு வரி எழுதவில்லை. பிள்ளைகளின் காலைத் தொட்டதை எழுதினேன், கற்பூரத்தை எழுதினேன். தினமும் குளிக்கும்போது விரலில் தட்டுகிற இதை எழுதவில்லை. நெறி கட்டியிருக்கும், போய்விடும், போய்விடும் — நாப்பத்தி மூணு வயசு, எம்.எல்.ஐ.எஸ். படிச்சவ, இப்படியா இருப்பா ஒருத்தி?

“நீங்க எப்பப் பாத்தீங்க மதினி?”

“வந்த அன்னைக்கே. கொடியில துணி போடையில வலது கைய நீ தூக்கல. இந்த மாதிரி கட்டியோட எங்கிட்ட வந்தவளுக எத்தன பேருங்கிறே. எல்லாவளும் யாருகிட்டயும் சொல்லாமலே வந்தவளுக.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல!”

“நான் சொன்னா நீ டாக்டருகிட்டயா ஓடுவ? என்னைய வீட்டவிட்டு வெரட்டுவ. வாட்ச்மேனுகிட்ட சொன்னேன், சிரிச்சாரு.” எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “புள்ளைக என்கூடப் பழகட்டும்னு இருந்தேன்.”

ஒரு மாதமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

ஜூலை 12, சனி

எழுத ஒன்றுமில்லை. சுஃபியா மதினியின் மடியில் கால் போட்டுத் தூங்கினாள். பொறாமைகூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

இந்த வாரம் மன்சூர் வரவில்லை. போனில் குரல் என்னவோ போலிருக்கிறதே என்றார். காய்ச்சல்தானே என்றேன்.

மாலை மொட்டை மாடிக்குப் போய் இரண்டு இடத்துக்குப் பேசினேன். பிள்ளைகளைச் சேர்ப்பதாகச் சொன்ன வீட்டுக்கு, இப்போதைக்கு வரவில்லை என்று. அடுத்து ஆஸ்பத்திரிக்கு. நாளைக் காலை பத்தரைக்கு டோக்கன் வைத்திருக்கிறார்கள். துணைக்கு யார் வருகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். தனியாகத்தான் என்றேன்.

முதல்வரிடம் விடுப்பு கேட்கப் போவதில்லை. கேட்டால் இல்லை என்பார். இல்லை என்றால் நான் போகாமல் இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும். வழக்கம்போல எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவேன். வழக்கமான பஸ்ஸில் ஏற மாட்டேன். மன்சூரிடம் சொல்லவில்லை. மதினியிடமும் சொல்லவில்லை.

அவர் கையில் என்னைக் கொடுக்கப் பயமில்லை எனக்கு இப்போது. ஆனால் முதலில் டாக்டர் பார்க்கட்டும்.